காடு வா வா என்கிறது

சென்ற மாதம் இணைய இதழ் நடத்தும் நண்பர் ஒருவர் தனக்கு வந்த கட்டுரையை எனக்கு அனுப்பி, "போடலாமா?" என்று கேட்டார். மூன்று நாள் விடுமுறைக்கு லங்காவி போன இளைஞர் ஒருவர், அங்கே வழிகாட்டியோடு மழைக்காட்டில் நடந்ததை எழுதியிருந்தார். மொழி சுத்தம். ஒற்றுப்பிழைகூட இல்லை. முதல் வரியில் காடு அவரை அழைத்தது. மூன்றாம் பத்தியில் காடு அவரோடு பேசியது. முடிவில் காடு அவருக்குள்ளேயே குடியேறிவிட்டது. நடுவில் வேங்கை பூத்திருந்தது, காந்தள் சிவந்திருந்தது, குறிஞ்சி என்ற சொல் ஐந்து முறை வந்திருந்தது.

போட வேண்டாம் என்றேன். நண்பருக்குக் கோபம். "சின்னப் பையன் லா, இப்பத்தான் எழுத வர்றான். எடுத்ததுமே மண்டையில போடுறீங்க."

அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பி மேல் எனக்கு எந்த வன்மமும் இல்லை. அவரும் ரவாங்காரர், நானும் ரவாங்காரன். எங்கள் இருவர் வீட்டிலிருந்தும் காஞ்சிங் நீர்வீழ்ச்சிக்கு மோட்டாரில் பதினைந்து நிமிடம். ஏழு அடுக்காக விழும் அருவி, அதைச் சுற்றிக் காடு. அந்தக் காட்டைப் பற்றி அவர் ஒரு வரி எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை. விமானம் ஏறி ஒரு தீவுக்குப் போய், காசு கொடுத்து, ஒருவர் பின்னால் வரிசையாக நடந்தால்தான் நம் கண்ணுக்குக் காடு காடாகத் தெரிகிறது. இந்தக் கோளாறைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த 'காடு அழைத்தது'. தமிழில் காடு கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று என் பாட்டியிடம் கேட்டிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார். வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்பது நம்மூர்ப் பழமொழி. அங்கே காடு என்றால் சுடுகாடு. தொண்ணூறு வயதுக் கிழவிக்கு வரவேண்டிய அழைப்பு, இருபத்து நான்கு வயதில், முதுகுப்பையும் அட்டைக் காலுறையும் மாட்டிய ஒருவருக்கு வந்திருக்கிறது. ஆங்கிலப் பயணக் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தூக்கித் தமிழில் வைத்தால் இப்படித்தான் ஆகும். சொல் நம்முடையது, ஆனால் அதற்குள் இருக்கும் பிணம் எழுதியவருக்குத் தெரியவில்லை.

அதே நடையை நானும் போன ஆண்டு நடந்திருக்கிறேன். அதனால் ஏதோ மேட்டில் நின்று பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். காலை எட்டு மணி, பத்துப் பேர். நான்கு பேர் வெள்ளைக்காரர்கள், ஆறு பேர் நாங்கள். வழிகாட்டி ஓர் அபாங், ஐம்பது வயது இருக்கும். அவர் நிற்கும் இடத்தில் நின்று, அவர் கை காட்டும் இடத்தைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடந்த குபோங் ஒன்றைக் காட்டினார். காலுக்கும் காலுக்கும் நடுவே தோலை விரித்து மரம்விட்டு மரம் மிதந்து போகும் விலங்கு. அவர் காட்டிய பிறகும் அது தெரிய எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. ஒரு மரத்தைச் சுற்றிப் பின்னி, அதைக் கொன்று, அதன் வடிவத்திலேயே நின்றுகொண்டிருந்த அத்தியைக் காட்டினார். உள்ளே மரம் செத்து மட்கிப்போய் வெறும் கூடு. பிறகு உடம்பெல்லாம் முள்ளாக ஒரு கொடி. "ரோத்தான்" என்றார். நாங்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தோம். தமிழ்ப்பள்ளியில் அதை வாங்காத கை எது? வெள்ளைக்காரர்களுக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் காட்டோடு எங்களுக்கு உண்மையாக ஓர் உறவு வந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

அந்தத் தம்பியின் கட்டுரையில் குபோங் இல்லை, ரோத்தான் இல்லை, அபாங்கும் இல்லை. 'வழிகாட்டி' என்ற ஒற்றைச் சொல்லில் அந்த மனிதர் முடிந்துபோனார். இரண்டு மணி நேரம் ஒருவருடைய கண்ணால் பார்த்து, ஒருவருடைய வாயால் பெயர் தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து 'நானும் காடும் தனியே' என்று எழுதுவதைத் திருட்டு என்று சொன்னால் கடுமையாக இருக்கும். வேறு சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

எங்களுக்குக் கொடுத்த துண்டுத்தாளில், அந்தக் காடு பல கோடி ஆண்டுகளாக மனிதர் தொடாதது என்று போட்டிருந்தது. மச்சிஞ்சாங் மலையின் மணற்கல் ஏறக்குறைய 55 கோடி ஆண்டு பழையது. அது பாறையின் வயது. அந்தப் பாறை உருவானபோது நிலத்தில் மரமே கிடையாது. பாறையின் வயதைத் தூக்கிக் காட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். 'மனிதர் தொடாதது' என்பதை நான் படித்தது, மண்ணை வெட்டி மரச்சட்டம் பதித்த படியில் நின்றுகொண்டு. விற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அது அவர்கள் பிழைப்பு. எழுதுகிறவன் ஏன் அதை மூலப்பிரமாணமாக எடுத்துக்கொள்கிறான் என்பதுதான் கேள்வி.

ரவாங்கிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியில், கெப்போங்கில் மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தின் காடு இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே கோடு கோடாக வானத்தை விட்டு நிற்கும். இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள். ஆதிக்காடு என்றுதான் அங்கே போகும் பாதிப் பேர் நினைக்கிறார்கள். 1920களில் அந்த இடம் ஈயம் தோண்டிக் குதறிப்போட்ட பள்ளமும், மணல்மேடும், காய்கறித் தோட்டமும். அதன்மேல் கன்று கன்றாக நட்டு வளர்த்த காடு அது. நூறு வயதுதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மனிதக் கை படாததற்காக இல்லை, பட்டதற்காகக் கிடைத்த மரியாதை. குழி வெட்டியவர்கள், கன்று சுமந்தவர்கள், களை பிடுங்கியவர்கள் யார் என்று தேடி ஒருவர் எழுதினால் நான் வரிசையில் நின்று வாங்கிப் படிப்பேன்.

அங்கே உச்சி தொடாமல் நிற்கும் மரத்தின் பெயர் கபூர். போன முறை என்னோடு வந்த நண்பர்கள் அதன் அடியில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கபூர், கபூர் என்று நாலு முறை சொல்லிப் பாருங்கள். கற்பூரம்! அசலான பச்சைக் கற்பூரம் இந்த மரத்தின் நெஞ்சுக்கட்டைக்குள் உறைவது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறைமுகம், அந்தக் காலத்தில் உலகத்துக்கே கற்பூரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழு பொறித்தது. கப்பல்காரர்கள் எவ்வளவு பொன் கட்ட வேண்டும் என்று பேசுகிறது அந்தக் கல். அதாவது தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே தமிழன் இந்த மழைக்காட்டின் வாசலில் கடை விரித்துக் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். மரத்தைத் தேடிக் காட்டுக்குள் போனவர்கள் அந்தக் காட்டின் மக்கள். வாசலில் தராசோடு உட்கார்ந்தது நாம். இந்த உறவில் அழகும் இருக்கிறது, சுரண்டலும் இருக்கிறது. ஒரு கட்டுரைக்கு என்ன, ஒரு நாவலுக்கே தாங்கும். நாம் என்ன செய்கிறோம்? கற்பூர மரத்தடியில் படுத்துக்கொண்டு குறிஞ்சிப்பூவைக் கனவு காண்கிறோம்.

குறிஞ்சி விஷயத்தையும் பேசிவிடலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் அந்தச் செடி மேற்குத் தொடர்ச்சி மலைக்காரி. அவளுக்கு இங்கே விசா கிடையாது. வேங்கையும் அந்தப் பக்கத்து மரம்தான். நம் இளைஞர்கள் சங்கப் பாடல் படிக்கிறார்கள், ஜெயமோகனின் 'காடு' படிக்கிறார்கள். நல்லது, நானும் படித்தேன். படித்த மயக்கம் தெளியாமல் லங்காவியில் இறங்கி, அங்கே இல்லாத மரத்தை அங்கே நட்டுவிடுகிறார்கள். வேங்கையின் சொந்தக்கார மரம் ஒன்று இங்கே உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அங்சானா. கோலாலம்பூர் சாலையோரமெல்லாம் நிற்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் நடுவே ஏதோ ஒரு நாள் மொத்தமாக மஞ்சளாகப் பூத்து, மறுநாளே உதிர்ந்துவிடும். சங்கப் பாடலில் பாறைமேல் உதிர்ந்த வேங்கைப்பூ புலி போலத் தெரிந்து மருட்டும். இங்கே அதே மஞ்சள் ஒரு மைவி காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, வைப்பரில் சிக்கி நசுங்குகிறது. இதை எழுதுங்கள் தம்பி. இதற்கு லங்காவி டிக்கெட் தேவையில்லை.

இனி ரவாங். எனக்கு உண்மையில் வலிக்கும் இடம் இதுதான்.

என் பாட்டி ரவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வெளிக்காட்டு வேலை செய்தவர். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பால்வெட்டு தவிர்த்த புல்வெட்டு, மருந்தடிப்பு, உரம் போடுவதெல்லாம் வெளிக்காடு. ரப்பர் நிரையும் அவருக்குக் காடுதான். அதைத் தாண்டி, நிரை முடிந்து இருட்டாகத் தொடங்கும் இடத்தை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "அந்தப் பக்கம்" என்பார். அந்த எல்லையில் ஒரு முனியாண்டி. செங்கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு சூலம், சுருட்டு, சாராயம். எங்களை அங்கே வரைக்கும்தான் விடுவார். "அந்தப் பக்கம் பாக்காத. பாத்தாலும் சொல்லாத."

சின்ன வயதில் அது பேய் பயம் என்று நினைத்தேன். பிறகு படிக்கும்போதுதான் கணக்குக் கூடியது. 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வருகிறது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பிரிட்டிஷ் ராணுவம், நடுவில் தோட்டத்து லயம். அந்த டிசம்பர் 12ஆம் தேதி, ரவாங்குக்கு வடக்கே பத்தாங் காலியில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாரும் ரப்பர்த் தோட்டத்துச் சீனத் தொழிலாளர்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகும் தொழிலாளியின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்த காலம் அது. காட்டைப் பார்ப்பது குற்றம், பார்த்ததைச் சொன்னால் ஒரு பக்கம் சாவு, சொல்லாவிட்டால் இன்னொரு பக்கம் சாவு. பாட்டியின் "பாத்தாலும் சொல்லாத" அங்கிருந்து வந்தது. முனியாண்டி அதற்கு வெறும் சாட்சி.

1949 மார்ச்சில், அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி பிடிபட்டது ரவாங் பகுதியின் வாட்டர்ஃபால் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரைப் பாருங்கள். கையில் துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். இந்தியாவிலிருந்து போன வேண்டுகோள்களும் பலிக்கவில்லை. லங்காவிக் கட்டுரையில் அருவி ஒன்று வருகிறது. 'வெள்ளிச் சரிகை' என்று வர்ணித்திருந்தார் தம்பி. ரவாங்கில் பிறந்த ஒரு தமிழ் எழுத்தாளனுக்கு அருவி என்றதும் சரிகைதான் ஞாபகம் வருகிறது என்றால், அது அவர் தவறு மட்டும் இல்லை. அவருக்குச் சொல்லாமல் விட்ட எங்கள் தலைமுறையின் தவறும்தான்.

காஞ்சிங்கை ஒட்டியே டெம்ப்ளர் பூங்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பலர் போயிருப்பீர்கள். யார் இந்த டெம்ப்ளர்? 1952 முதல் 1954 வரை பிரிட்டிஷ் உயர் ஆணையர், காட்டுக்குள் இருந்தவர்களுக்கு எதிரான போரை நடத்திய படைத்தலைவர். 1955இல் அவர் பெயரில் இந்தக் காட்டுப் பூங்கா. அவசரகாலம் முடிந்தது 1960இல்தான். போர் நடந்துகொண்டிருக்கும்போதே காட்டின் ஒரு துண்டுக்கு ஜெயித்தவர் பெயரை வைத்து, 'வாருங்கள், குளியுங்கள், சோறு சாப்பிடுங்கள்' என்று திறந்துவிட்டார்கள். காட்டை விடுமுறையாக மாற்றும் வித்தை இந்த நாட்டில் அன்றே வந்துவிட்டது. லங்காவி நடை அதன் பேரப்பிள்ளை.

நம் இலக்கியத்தில் காடே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இருக்கிறது. இங்கிருந்து ரயில்பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் அந்தக் காடுகளில் மலேரியாவிலும் காலராவிலும் செத்தது அவற்றில் இருக்கிறது. அவசரகாலத்துக்கு அவருடைய 'லங்காட் நதிக்கரை' இருக்கிறது. அங்கே காடு யாரோடும் பேசாது, தின்னும். அந்த வரிசையில் அடுத்து வரவேண்டிய காடு எங்கே? அந்த எழுத்தாளர்களுக்கும் லங்காவிக் கட்டுரைக்கும் நடுவில் ஒரு தலைமுறை தோட்டத்தைவிட்டுப் புறம்போக்கு வீட்டுக்கும், அங்கிருந்து அடுக்குமாடிக்கும் வந்தது. அந்த நடுவழியில் காட்டோடு இருந்த சொற்கள் உதிர்ந்தன. அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் காலில் தேய்க்க என் பாட்டிக்குத் தெரியும். எனக்கு அட்டைக் காலுறையின் விலை தெரியும்.

நண்பரின் வாதம் ஒன்று இருக்கிறது, நியாயமானது. "ஒருத்தன் லீவுக்குப் போறான். நல்ல காத்து, நாலு குரங்கு, ஒரு குருவி. அதைப் பாத்து சந்தோஷப்பட்டு எழுதுறான். அங்கேயும் போயி தூக்குமேடையத் தூக்கிக் காட்டணுமா?" இல்லை, சந்தோஷமாகவே எழுதட்டும். எனக்கும் அந்தக் குபோங்கைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷத்தையாவது உண்மையாக எழுத வேண்டாமா? பார்த்த மிருகத்தை விட்டுவிட்டுப் பார்க்காத பூவை எழுதினால் அது என்ன சந்தோஷம்? பயம், துக்கம், வரலாறு எல்லாம் பிறகு வரட்டும். முதலில் கண்ணில் பட்டதன் பெயரைக் கேளுங்கள். அபாங் சொல்லுவார். மலாயில்தான் சொல்லுவார். அதைத் தமிழில் எழுதினால் தமிழ் கெட்டுவிடாது. டுரியானும் ரம்புத்தானும் வந்தபோது கெடாத மொழி குபோங் வந்தா கெடப்போகிறது?

இதில் என் பங்கும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரியில் கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் பெரும்பகுதியைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கப்போவதாகச் சிலாங்கூரில் அறிவிப்பு வந்தது. தெமுவான் மக்கள் தங்கள் காடு என்று எழுந்து நின்றார்கள். எதிர்ப்பையும் மீறி 2021 மே மாதத்தில் 536 ஹெக்டேருக்கு மேல் நீக்கப்பட்டதும், அது ஆகஸ்டில்தான் வெளியே தெரியவந்ததும், செப்டம்பரில் முடிவு ரத்தானதும் செய்தியில் வந்தவை. கிள்ளான் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒன்றரை ஆண்டும் நான் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கோவிட் என்று சாக்குச் சொல்லலாம். அதே கோவிட்டில் நான் ஐந்திணை பற்றி இரண்டு இணையக் கருத்தரங்கில் பேசினேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று படம் போட்டு விளக்கினேன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கருப்பொருள் அழியப்போகிறது என்று ஒரு தெமுவான் கிழவர் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார். எனவே தம்பியின் மண்டையில் போடுவது என் மண்டையிலும்தான் விழுகிறது.

ரவாங் பைபாஸ் 2017இல் திறந்தது. கிட்டத்தட்ட 58 மீட்டர் உயரத் தூண்கள்மேல் காட்டைத் தாண்டிப் போகும் சாலை. அதை ஏன் அவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்று தெரியாமல்தான் நாம் தினமும் அதில் பறக்கிறோம். கீழே கியாம் காஞ்சிங் என்ற மரம் இருக்கிறது. உலகத்தில் இந்த ஊரைச் சுற்றித்தான் இயற்கையாக இருக்கிறது. அதை மிதிக்காமல் போகத்தான் சாலையின் வழியையும் உயரத்தையும் மாற்றினார்கள். நம் ஊர்ப் பெயரைத் தன் பெயரில் வைத்திருக்கும் ஒரு மரம். தமிழில் அதைப் பற்றி ஒரு கதை, ஒரு கவிதை, ஒரு பத்தி என் கண்ணில் பட்டதில்லை.

நண்பரிடமிருந்து தம்பியின் எண்ணை வாங்கிப் பேசினேன். அரை மணி நேரம் அமைதியாகக் கேட்டார். கோபப்படவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். வரும் ஞாயிறு காலை காஞ்சிங் போகலாம், ஏழாவது அடுக்கு வரைக்கும் ஏறலாம், நுழைவுச்சீட்டு நான் வாங்குகிறேன் என்றேன்.

"ஞாயித்துக்கெழமயாண்ணே? நம்மாளுங்க கூட்டமா இருக்கும். பிரியாணிச் சட்டி, ஸ்பீக்கர்னு ஒரே சத்தம். காடு மாதிரியே இருக்காது."

ஏழு மணிக்கு வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.